சிறுநீரக நோயாளருக்கு ‘டை’ ஏற்றி எடுக்கும் ஸ்கான்: யாழ்ப்பாணத்துக் குடும்பங்களுக்கான முழுமையான வழிகாட்டி

சி.ரி. ஸ்கான் எடுக்கும்படி வைத்தியர் துண்டு எழுதிக் கொடுத்த அன்றே வீட்டில் பேச்சு இரண்டாகப் பிரிந்துவிடும். “டை ஏத்தினா கிட்னி போயிடும், வேண்டாம்” என்று ஒரு சாரார் மறிப்பார்கள். “டொக்டர் எழுதினவர்தானே, எடுத்துக்கொண்டு வருவம்” என்று மற்றச் சாரார் வாகனத்துக்குச் சொல்லிவிடுவார்கள். சிறுநீரகம் எப்படி இயங்குகிறது என்று காட்டும் இரத்த அளவான கிரியற்றினின் எவ்வளவு என்று இரு சாராரும் கேட்பதில்லை. என் பெரியம்மா நீரிழிவும் பிறஷரும் உள்ளவர். அவருக்கு விலாவில் வலி வந்தபோது, டைக்குப் பயந்து நாங்கள் மூன்று வாரம் ஸ்கானைத் தள்ளிப்போட்டோம். ஈற்றில் எடுத்துப் பார்த்தால் சிறுநீர்க்குழாயில் கல் அடைத்துக்கொண்டிருந்தது. கல்லைக் காண டை தேவையே இல்லை என்பதும், அடைபட்ட சிறுநீரகம் அந்த மூன்று வாரத்திலும் நசிந்துகொண்டிருந்தது என்பதும் பிறகுதான் எங்களுக்கு விளங்கின. டை கெடுக்கவில்லை, டை தேவையா, கிரியற்றினின் எவ்வளவு என்ற இரண்டு கேள்விகளைக் கேட்காமல் இருந்தது கெடுத்தது.

இந்த வழிகாட்டி அந்தக் கேள்விகளை ஒழுங்காகக் கேட்பதற்காக எழுதப்படுகிறது. உங்கள் நோயை அறிந்த வைத்தியரின் தீர்மானத்துக்கு இது மாற்று அல்ல. அவரிடம் போகும்போது எதைக் கையில் கொண்டுபோக வேண்டும், எதைச் சொல்ல வேண்டும் என்பதற்கான ஆயத்தம்.

முதற்படி: எந்த ஸ்கான், எந்த மருந்து என்று தெரிந்துகொள்ளுங்கள்

டை என்று நாம் சொல்லும் மருந்து எதற்கும் நிறமூட்டுவதில்லை. சி.ரி. ஸ்கானுக்கும் அஞ்சியோகிராமுக்கும் ஏற்றப்படுவது அயடீன் சேர்ந்த, தண்ணீர் போலத் தெளிந்த திரவம். அயடீன் எக்ஸ் கதிரை மறிப்பதால் குருதிக்குழாய்களும் குருதி செறிந்த உறுப்புகளும் படத்தில் வெளிறித் துலங்குகின்றன. எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்கு ஏற்றப்படுவது வேறு மருந்து. அது கடோலினியம் என்ற உலோகத்தை ஒரு மூலக்கூற்றுக்குள் பூட்டி வைத்திருப்பது. இரண்டும் பெரும்பாலும் சிறுநீரகத்தின் வழியாகவே வெளியேறுகின்றன. சிறுநீரகம் நன்றாக இயங்கும் ஒருவரில் அயடீன் மருந்தின் பாதி ஏறத்தாழ 2 மணித்தியாலத்தில் கழிந்து, ஒரு நாளுக்குள் அநேகமாக முழுவதும் போய்விடும். இயக்கம் குறைந்தவரில் அது உடலில் நீண்ட நேரம் தங்கும். குடலைப் பார்ப்பதற்காகக் குடிக்கக் கொடுக்கும் பேரியம் குருதிக்குள் போவதில்லை. சாதாரண அல்ட்ராசவுண்ட் ஸ்கானுக்கு மருந்து எதுவும் ஏற்றப்படுவதில்லை. ஆகவே ஸ்கான் என்ற சொல்லைக் கேட்டவுடனே கிட்னியை நினைத்து நடுங்க வேண்டியதில்லை.

வைத்தியரிடம் கேட்கவேண்டிய முதற் கேள்வி இது: “எதைத் தேடுகிறீர்கள்? அதற்கு டை வேண்டுமா?” சிறுநீர்க்கல், தலைக்குள் குருதிக்கசிவு, எலும்பு முறிவு ஆகியவற்றை டை இல்லாமலே காணலாம். நுரையீரற் குழாயில் குருதிக்கட்டி, பெருநாடியில் கிழிவு, குடலுக்குக் குருதி போகாத நிலை என்பனவற்றை டை இல்லாத சி.ரி. தவறவிடக்கூடும். தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போய்வருபவர்களைப் போல, கட்டி எவ்வளவு பரவியிருக்கிறது, சிகிச்சையில் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று அளக்கவேண்டியவர்களுக்கும் பெரும்பாலும் டை தேவைப்படும். தேவைப்படும் இடத்தில் அதை வேண்டாம் என்று மறுத்துப் பெறும் படம், பணமும் பயணமும் செலவழித்துப் பெற்ற அரைகுறை விடையாகவே இருக்கும்.

இரண்டாம்படி: எண்ணைக் கையில் எடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும் வாசிப்பதற்கு நேரம் இருந்தால் இதை வாசியுங்கள்.

கிரியற்றினின் என்பது தசைகளிலிருந்து குருதிக்குள் வந்து சிறுநீரகத்தால் அகற்றப்படும் ஒரு கழிவு. அதன் அளவை மட்டும் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. 1.4 என்று றிப்போர்ட்டில் இருந்தால் “கொஞ்சம்தான் கூட” என்று பலர் ஆறுதல் அடைகிறார்கள். அந்த 1.4 ஐ வயதோடும் பாலோடும் சேர்த்து, இப்போது வழக்கிலுள்ள 2021 ஆம் ஆண்டுச் சூத்திரத்தில் இட்டால், 30 வயது ஆணுக்குச் சிறுநீரக வடிகட்டல் வேகம் (நிமிடத்துக்கு எத்தனை மில்லிலீற்றர் வடிகட்டப்படுகிறது என்ற கணக்கு; குறையக் குறைய இயக்கம் குறைவு) 69 அளவில் வரும். 68 வயதுப் பெண்ணுக்கு 41 தான் வரும். ஒரே கிரியற்றினின், இரண்டு வேறு நிலைமைகள். வயது போன, உடல் மெலிந்த நம் அம்மாமார் பலர் இந்த இடத்திலேதான் கவனத்திலிருந்து தப்பிப்போகிறார்கள். றிப்போர்ட்டில் ‘இ.ஜி.எவ்.ஆர்.’ என்று அச்சிட்டிருப்பதே இந்த வடிகட்டல் வேகம். அச்சிடாவிட்டால் வைத்தியரிடம் கணித்துத் தரும்படி கேளுங்கள்.

இலங்கையில் இன்னொரு சிக்கலும் உண்டு. சில ஆய்வுகூடங்கள் கிரியற்றினினை டெசிலீற்றருக்கு மில்லிகிராமிலும் வேறு சில லீற்றருக்கு மைக்ரோமோலிலும் தருகின்றன. முதல் அலகில் 1 என்பது மற்றதில் 88.4. ஆகவே போன மாதம் 1.4, இந்த மாதம் 124 என்று கண்டு பதற வேண்டாம். இரண்டும் ஒரே அளவுதான். கிளினிக் கொப்பியில் எழுதும்போது எண்ணுக்குப் பக்கத்தில் அலகையும் எழுதும் பழக்கம் எந்தச் செலவும் இல்லாத பாதுகாப்பு.

எண் புதியதாகவும் இருக்கவேண்டும். நோய் நிலையாக இருந்து கிளினிக்குக்கு ஒழுங்காகப் போகிறவருக்கு, கடந்த ஒரு மாதத்துக்குள் எடுத்த பரிசோதனை பொதுவாகப் போதும். காய்ச்சல், வாந்தி, வயிற்றோட்டம், கிருமித்தொற்று, சிறுநீர் குறைவு ஆகியவற்றில் ஏதாவது இடையில் வந்திருந்தால் பழைய எண்ணை நம்பக்கூடாது, புதிதாக எடுக்கவேண்டும். சிறுநீரகம் திடீரெனப் பழுதுபடும்போது கிரியற்றினின் ஓரிரு நாள் பிந்தியே ஏறும் என்பதால், அந்த நேரத்தில் வடிகட்டல் வேகக் கணக்கும் பிழையான ஆறுதலைத் தந்துவிடும்.

“எனக்குச் சீனியும் இல்லை, பிறஷரும் இல்லை, எதற்கு இரத்தப் பரிசோதனை?” என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல். வடமத்திய மாகாணத்தில் மதவாச்சி, பதவியா போன்ற இடங்களிலும் நமது மாகாணத்தில் வவுனியாவிலும் காணப்படும், காரணம் இன்னும் முழுதாகத் துலங்காத சிறுநீரக நோய், நீரிழிவு இல்லாத விவசாயிகளைத்தான் பெரும்பாலும் பிடிக்கிறது. அந்த நோயில் கால்வீக்கமோ சிறுநீரில் புரதமோ தொடக்கத்தில் பெரிதாகத் தெரிவதில்லை.

மூன்றாம்படி: ஆபத்து உண்மையில் எவ்வளவு

1954 இல், எலும்பு மச்சைப் புற்றுநோய் உள்ள ஒருவருக்கு நரம்பு (நாளம்) வழியாக டை ஏற்றிப் படம் எடுத்தபின் சிறுநீர் நின்றுபோனதாக மருத்துவ இதழொன்றில் வந்த செய்தியே இந்தப் பயத்தின் தொடக்கங்களில் ஒன்று. அக்காலத்து மருந்துகளின் செறிவு குருதியின் செறிவைப்போல ஐந்தாறு மடங்கு இருந்தது. இப்போது பாவனையிலுள்ளவை குருதியின் செறிவுக்குச் சமமானவை அல்லது அதன் இரண்டு மூன்று மடங்குக்குள் அடங்குபவை. இன்னொரு விடயமும் பின்னர் தெளிந்தது. நோய் முற்றி வைத்தியசாலையில் கிடப்பவர்களுக்கு டை ஏற்றாமலே கிரியற்றினின் ஏறுகிறது. டை ஏற்றியவர்களையும் ஏற்றாதவர்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட பெரிய ஆய்வுகளில், முன்னர் டையின்மேல் சுமத்தப்பட்ட பழியில் பெரும்பகுதி நோய்க்கும் மற்ற மருந்துகளுக்கும் உரியது என்று தெரியவந்தது. பயம் முழுவதும் பொய் என்று இதற்குப் பொருளில்லை. வடிகட்டல் வேகம் மிகக் குறைந்தவர்களில் ஆபத்து இன்னும் உண்டு.

அமெரிக்கக் கதிரியல் கல்லூரியும் தேசிய சிறுநீரக நிறுவனமும் 2020 இல் கூட்டாக வெளியிட்ட கருத்தின்படி, நரம்பு வழியாக ஏற்றும் அயடீன் மருந்துக்கு எல்லைக்கோடு 30. வடிகட்டல் வேகம் 45 அல்லது அதற்கு மேல் இருப்பவருக்கு, டையினால் சிறுநீரகம் பழுதாகும் ஆபத்து மிகமிகக் குறைவு. விசேட ஆயத்தம் தேவையில்லை. 30 இலிருந்து 44 வரை உள்ளவருக்கும் பெரும்பாலும் அப்படியே. ஆனால் அண்மையில் சிறுநீரகம் திடீரெனப் பழுதுபட்டவர், எல்லைக்கோட்டுக்கு மிக அருகில் நிற்பவர் முதலியோரை வைத்தியர் தனித்தனியே எடைபோடுவார். 30 க்குக் கீழே இருப்பவர்களுக்கும், எண் எதுவாக இருந்தாலும் அந்த நேரத்தில் சிறுநீரகம் திடீர்ப் பழுதில் இருப்பவர்களுக்கும் ஆயத்தம் தேவை. அவர்களுக்குக்கூட டை தடைசெய்யப்பட்டது அல்ல. ஸ்கானால் கிடைக்கும் நன்மையை எதிரே வைத்துத் தீர்மானிக்கவேண்டியது. இதய அஞ்சியோகிராமில் மருந்து தமனி வழியாக நேரே போகிறது. குழாய் பெருநாடியின் சுவரை உரசும்போது கொழுப்புத் துணிக்கைகள் கழன்று சிறுநீரகத்தை அடைக்கவும் கூடும் என்பதால், அங்கே கவனம் கூடவேண்டும். தமனி வழியாக ஏற்றும் டை நீர்க்காமல் நேரே சிறுநீரகத்தை அடையும் இடங்களில் 45 க்குக் கீழேயே ஆயத்தம் வேண்டும் என்று ஐரோப்பிய வழிகாட்டல்கள் சொல்கின்றன.

நான்காம்படி: மருந்துகளை ஒளிக்காமல் சொல்லுங்கள்

நமது ஊரில் சிறுநீரகத்துக்கு டையைவிடக் கூடுதலான தீங்கு செய்வது, மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் துண்டில்லாமல் வாங்கிப் போடும் டைக்ளோபினாக், இபுபுறூபன் குளிசைகள் என்பது என் எண்ணம். சிறுநீரக நோய் உள்ளவர் இவற்றை எந்த நாளிலும் தவிர்க்கவேண்டும். ஸ்கானுக்கு இரண்டு நாள் முன்னரும் பின்னரும் தொடவே கூடாது. வலிக்குப் பனடோலை, வைத்தியர் சொன்ன அளவுக்குள் பாவிக்கலாம்.

நீரிழிவுக்குப் போடும் மெற்போமின் குளிசை பற்றிப் பெரிய குழப்பம் உண்டு. அது சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. டைக்குப் பிறகு சிறுநீரகம் பழுதுபட்டால், வெளியேற முடியாமல் உடலில் தேங்கிக் குருதியில் அமிலத்தைக் கூட்டிவிடும் என்பதே அச்சம். வடிகட்டல் வேகம் 30 அல்லது அதற்கு மேல் இருந்து, சிறுநீரகம் திடீர்ப் பழுதில் இல்லாதவர், நரம்பு வழி டைக்காக அதை நிறுத்தவேண்டியதில்லை. 30 க்குக் கீழே இருப்பவருக்கு மெற்போமின் ஏற்கெனவே பொருந்தாத மருந்து. இன்னும் போட்டுக்கொண்டிருந்தால் அன்றே நிறுத்தி வைத்தியருக்கு அறிவிக்கவேண்டும். 30 க்கும் 60 க்கும் இடையில் இருந்து ஈரல் நோய், இதயப் பலவீனம், மதுப்பழக்கம் என்பனவற்றில் ஒன்று உள்ளவருக்கும், தமனி வழி டை பெறுபவருக்கும், அன்று நிறுத்தி 48 மணித்தியாலத்தின் பின் கிரியற்றினின் பார்த்து மீண்டும் தொடங்கச் சொல்வதுண்டு. ஸ்கான் நிலையத்தில் “எல்லோரும் நிறுத்துங்கள்” என்று பொதுவாகச் சொன்னால், உங்கள் எண்ணைக் காட்டிக் கேளுங்கள். சீனி கட்டுப்பாடில்லாமல் ஏறுவதும் நல்லதல்ல. பிறஷர்க் குளிசைகளையும் சிறுநீர் போக்கும் குளிசைகளையும் தாமாக நிறுத்தக்கூடாது. அவற்றை நிறுத்துவதா என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

நாட்டு மருந்தைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். நெருஞ்சில் அவித்துக் குடித்தாலும், பரியாரியார் தந்த சூரணம் சாப்பிட்டாலும் பெயரைச் சொல்லுங்கள். குறிப்பாக ஆடுதீண்டாப்பாளை இனத்து மூலிகைகளில் சிறுநீரகத்தை நிலையாகக் கெடுக்கும் அமிலம் ஒன்று உள்ளது.

ஐந்தாம்படி: தண்ணீர்

யாழ்ப்பாணத்து நோயாளருக்கென்றே உள்ள ஆபத்து ஒன்று எந்த வழிகாட்டலிலும் எழுதப்படவில்லை: கொழும்புப் பயணம். இரவு பஸ்ஸில் ஏறும் வயதானவர்கள், இடையில் சிறுநீருக்கு இறங்கவேண்டி வரும் என்று மாலையிலிருந்தே தண்ணீரை நிறுத்திவிடுகிறார்கள். விடியற்காலையில் இறங்கி, “வெறும் வயிறு” என்று சொன்னார்களே என்று ஒரு சொட்டும் குடிக்காமல், மதியம் வரை வரிசையில் இருந்து, அதன்பின் டை ஏற்றிக்கொள்கிறார்கள். ஏறத்தாழ 18 மணித்தியாலம் வறண்டுபோன உடல் அது. சிறுநீரகத்தில் ஆழமாக உள்ள பகுதி இயல்பாகவே ஒட்சிசன் குறைவாகக் கிடைக்கும் இடம். உடல் வறண்டால் அங்கே போகும் குருதி இன்னும் குறைகிறது, டை அங்குள்ள குருதிக்குழாய்களை மேலும் சற்றுச் சுருக்குகிறது. இயலுமானால் முதல்நாளே போய்த் தங்குங்கள். இயலாவிட்டால் இடையில் நின்று செல்லும் வாகனத்தில் போங்கள். வெறும் வயிறு என்பது பெரும்பாலும் திண்ம உணவுக்கே உரியது. சாதாரணத் தண்ணீர் குடிக்கலாமா என்று முதல்நாளே தொலைபேசியில் கேட்டு உறுதிப்படுத்துங்கள். பல நிலையங்கள் அனுமதிக்கும்.

கந்தசட்டி போன்ற உபவாச நாட்களிலும், நோன்பு மாதத்திலும், அவசரமில்லாத ஸ்கானைத் தள்ளி வைக்கும்படி கேட்பதில் பிழையில்லை.

30 க்குக் கீழே உள்ளவருக்கு வாயால் குடிக்கும் தண்ணீரை மட்டும் நம்பாமல், நரம்பு வழியாகச் சாதாரண சேலைன் ஏற்றுவார்கள். ஸ்கானுக்கு ஒரு மணித்தியாலம் முன் தொடங்கிப் பின்னர் 3 இலிருந்து 12 மணித்தியாலம் வரை அது தொடரும். எனவே அன்று மாலையே திரும்பிவிடலாம் என்று வாகனம் பேசாதீர்கள். இதயப் பலவீனம் உள்ளவருக்கும், தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லப்பட்டவருக்கும் அதே சேலைன் நுரையீரலில் நீர்கோத்துக்கொள்ளக் காரணமாகலாம். அந்த விபரத்தை முதலிலேயே சொல்லவேண்டும். அசற்றைல்சிஸ்ரீன் என்ற குளிசை சிறுநீரகத்தைக் காக்கும் என்ற நம்பிக்கை 2000 அளவில் பரவியது. 2018 இல் வெளியான, ஏறத்தாழ 5,000 பேரைக் கொண்ட ஆய்வில் அதற்கும், சேலைனுக்குப் பதிலாக ஏற்றும் சோடியம் பைகாபனேற்றுக்கும் மேலதிகப் பயன் எதுவும் காணப்படவில்லை.

இளநீர் விடயத்தில் வீட்டுப் பெரியவர்களோடு முரண்பட நேரிடும். “டையைக் கழுவிவிடும்” என்று இரண்டு மூன்று இளநீரைச் சீவிக் கொடுப்பார்கள். இளநீரில் பொற்றாசியம் அதிகம்; சிறுநீரகம் பலவீனமானவரில் அது குருதியில் தேங்கி இதயத் துடிப்பையே குழப்பும். காமரங்காய்ச் சாறு அதைவிட மோசம். அதிலுள்ள ஒட்சலேற்று சிறுநீரகத்தில் படியும், இன்னொரு நச்சுப்பொருள் மூளையைத் தாக்கும். அனுமதித்த அளவில் கொதித்தாறிய தண்ணீர் போதும்.

ஆறாம்படி: ஸ்கான் அறையில்

“நண்டு, இறால் ஒத்துக்கொள்ளாது, ஆகவே டை கூடாது” என்று நமது பக்கத்தில் அடிக்கடி சொல்லப்படுகிறது. நண்டு ஒவ்வாமைக்குக் காரணம் அதன் தசையிலுள்ள ஒரு புரதம், அயடீன் அல்ல. அது ஒரு பொது ஒவ்வாமையாகக் கணக்கெடுக்கப்படுமே தவிர, டையை மறிக்கும் காரணம் ஆகாது. முன்பு ஒருமுறை டைக்கே உடல் தடித்தோ மூச்சு முட்டியோ இருந்தால், அதுதான் கட்டாயம் சொல்லவேண்டிய செய்தி. தைரொயிட் அதிகமாகச் சுரப்பவரும் சொல்லவேண்டும்.

ஊசி ஏறும்போது உடல் முழுதும் சூடு பரவுவதும், வாயில் உலோகச் சுவை தட்டுவதும், சிறுநீர் கழிந்துவிட்டது போலத் தோன்றுவதும் இயல்பானவை. ஒரு நிமிடத்தில் அடங்கிவிடும். ஊசி போட்ட இடம் வீங்கி வலித்தால் உடனே குரல் கொடுங்கள். டயலிசிஸுக்காகக் கையில் பிஸ்ரியூலா (தமனியையும் நாளத்தையும் இணைத்துச் செய்த வழி) வைத்திருப்பவர் அந்தக் கையைக் கொடுக்கவே கூடாது. இனிமேல் டயலிசிஸ் தேவைப்படலாம் என்று சொல்லப்பட்டவரும், முன்கை நரம்புகளைக் காப்பதற்காகப் புறங்கையில் போடும்படி கேட்கலாம்.

எம்.ஆர்.ஐ. என்றால்

கடோலினியத்தின் பழைய மருந்துகள் சிலவற்றால், சிறுநீரகம் முற்றாகப் பலவீனமானவர்களுக்குத் தோல் தடித்து இறுகி மூட்டுகள் மடங்காமற் போகும் கொடிய நோய் ஏற்பட்டது. அந்த நோய் 2000 இல் மருத்துவ இதழில் விபரிக்கப்பட்டது. கடோலினியத்தோடு உள்ள தொடர்பு 2006 இல்தான் பிடிபட்டது. உலோகத்தைத் தளர்வாகப் பிடித்திருந்த கடோடயமைட், கடோபென்ரரேற்று போன்றவையே அதற்குப் பெரும்பாலும் காரணம். ஐரோப்பாவில் நரம்பு வழிப் பாவனைக்கு அவற்றை 2017 இல் இடைநிறுத்தினார்கள். உலோகத்தைக் கூண்டுபோல இறுக்கமாகப் பூட்டிய கடோபியூற்றரோல், கடோரெறேற்று போன்றவற்றில் அந்த ஆபத்து மிகமிக அரிது. வடிகட்டல் வேகம் 30 க்குக் கீழே உள்ள ஏறத்தாழ 5,000 பேரின் தரவுகளைத் திரட்டிப் பார்த்தபோது ஒருவருக்கும் அந்த நோய் வந்திருக்கவில்லை. நீங்கள் கேட்கவேண்டியது ஒன்றுதான்: ஏற்றப்போகும் மருந்தின் பெயர் என்ன?

டயலிசிஸ் செய்பவர்கள்

சிறுநீர் முற்றாக நின்றுபோனவருக்கு டையால் மேலும் கெடுவதற்குச் சிறுநீரக இயக்கம் எஞ்சியிருக்கவில்லை. அயடீன் டைக்காக மட்டும் அவசரமாக ஒரு டயலிசிஸ் செய்யவேண்டியதில்லை. வழக்கமான நாளில் செய்தால் போதும். கடோலினியம் ஏற்றுவதானால், டயலிசிஸ் நாளில், டயலிசிஸுக்குச் சற்று முன்னர் ஸ்கான் வரும்படி ஒழுங்கு செய்வது நல்லது. இன்னும் ஓரளவு சிறுநீர் போகிறவர் அதைக் கட்டாயம் சொல்லவேண்டும். அந்த மீதியைக் காப்பது பெறுமதியானது.

உயிர் போகும் அவசரமானால்

விபத்தில் உள்ளே குருதி கசிகிறது, பெருநாடி கிழிந்திருக்கலாம், பக்கவாதம் வந்து மூளைக் குழாயைப் பார்க்கவேண்டும் என்ற நிலைமைகளில், கிரியற்றினின் வரும்வரை காத்திருக்க மாட்டார்கள், காத்திருக்கவும் கூடாது. அங்கே கையொப்பம் கேட்டால் வாசலில் நின்று குடும்பக் கூட்டம் நடத்தாமல் வையுங்கள்.

கடைசிப்படி: இரண்டு நாள் கழித்து

எல்லோரும் கைவிடுவது இந்தப் படியைத்தான். ஸ்கான் கொழும்பில், றிப்போர்ட் ஒரு வைத்தியரிடம், கிளினிக் இன்னொரு இடத்தில். இடையில் கிரியற்றினினைத் திரும்பப் பார்ப்பது யார் பொறுப்பு என்று ஒருவருக்கும் தெரிவதில்லை. டையால் பழுது ஏற்பட்டால் கிரியற்றினின் 24 இலிருந்து 48 மணித்தியாலத்துக்குள் ஏறத் தொடங்கி, 3 இலிருந்து 5 நாளில் உச்சத்தைத் தொட்டு, பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் பழைய அளவுக்குத் திரும்பும். ஆகவே ஆபத்துக் கூடியவர்கள் 48 இலிருந்து 72 மணித்தியாலத்துக்குள் ஊரிலுள்ள ஆய்வுகூடத்திலேயே பரிசோதித்து, முன்னைய எண்ணோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். இயலுமானால் இரண்டையும் ஒரே ஆய்வுகூடத்தில் எடுங்கள். 48 மணித்தியாலத்துக்குள் 0.3 மில்லிகிராம் கூடியிருந்தாலோ, ஒரு வாரத்துக்குள் முன்னையதைப்போல ஒன்றரை மடங்கு ஆகியிருந்தாலோ, கிளினிக் நாள் வரும்வரை பொறுக்காமல் வைத்தியரிடம் போகவேண்டும். சிறுநீர் வெகுவாகக் குறைதல், முகமும் காலும் வீங்குதல், படுக்க மூச்சு முட்டுதல் என்பன எண்ணுக்காகக் காத்திராமல் வைத்தியசாலைக்குப் போகவேண்டிய அறிகுறிகள். தோலில் தடிப்பு ஒரு வாரம் வரை பிந்தி வரலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வீடு திரும்பிய அன்றே கிளினிக் கொப்பியில் ஒரு வரி எழுதிவிடுங்கள். ஸ்கான் நிலையத்தில் கேட்டால் மருந்தின் பெயரையும் அளவையும் சொல்வார்கள். பெரியம்மாவின் கொப்பியில் இப்போது இப்படி ஒரு வரி இருக்கிறது: “சி.ரி. வயிறு, டையுடன், அயோஹெக்சோல் 350, 80 மி.லீ.; கிரியற்றினின் முன்னர் 1.4 மி.கி., 48 மணிக்குப் பின் 1.5 மி.கி.; தடிப்பு, மூச்சுமுட்டல் இல்லை.”